ஸ்குரூவைத் தொடும் முன்: லேப்டாப் கீபோர்டுப் பழுதை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

கிருஷ்ணகிரியில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருகிறவர்கள் பலர் முடிவோடுதான் வருகிறார்கள். "கீபோர்டு போய்விட்டது அண்ணா, மாற்றிக் கொடுங்கள்" என்பார்கள். காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி அப்படித்தான் வந்தார். வேறோர் இடத்தில் புதுக் கீபோர்டுக்கு விலை கேட்டிருக்கிறார். தோப்புக் குத்தகைப் பணம் வந்ததும் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். லேப்டாப்பைத் திறந்து 'கே' விசையை அழுத்தினேன், 2 வந்தது. 'எல்' அழுத்தினேன், 3 வந்தது. சில எழுத்து விசைகளை எண் விசைகளாக மாற்றும் 'நம் லாக்' (Num Lock) போடப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டேன். பழுது அவ்வளவுதான். இரண்டு வாரமாக அந்தப் பெண் தோழியின் லேப்டாப்பை இரவல் வாங்கிப் பாடம் எழுதியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் லேப்டாப் ஒன்றுதான் இருக்கும். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்ததாக இருக்கலாம். அண்ணன் படித்து முடித்துத் தங்கைக்குத் தந்ததாக இருக்கலாம். அதற்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வேறு எதிலிருந்தோ பிடித்து வைத்த ரூபாய். ஆகவே கீபோர்டை மாற்றுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். பழுது எங்கே இருக்கிறது என்பதை அறிகுறியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று சோதனைகள்

லேப்டாப்பை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்துத் திரும்பப் போடுவது போதாது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உட்பகுதி அப்படியே வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதுவே எழுந்து வரும். பழைய குழப்பமும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது.

அடுத்தது, யாரிடமாவது ஒரு யூஎஸ்பி கீபோர்டை வாங்கிச் செருகிப் பாருங்கள். அதிலும் அதே கோளாறு தெரிந்தால் பெரும்பாலும் உங்கள் லேப்டாப் கீபோர்டின் மேல் குற்றமில்லை. அமைப்பிலோ மென்பொருளிலோதான் சிக்கல். வெளிக் கீபோர்டு ஒழுங்காக வேலை செய்தால் உள்ளிருக்கும் கீபோர்டு, அதை மதர்போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஆகிய மூன்றில் ஒன்று.

மூன்றாவது பயாஸ், அதாவது விண்டோஸ் எழும் முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பு. லேப்டாப் உயிர்பெறும்போதே எஃப்2, எஃப்10, டெலீட் போன்ற விசையை (தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்) தட்டிக்கொண்டிருந்தால் பயாஸ் திரை வரும். அங்கே விண்டோஸ் இல்லை, அதன் டிரைவர் இல்லை. அம்புக்குறி விசைகளை அழுத்திப் பாருங்கள். எதையும் தொடாமலே தேர்வு கீழே கீழே ஓடினால், ஏதோ ஒரு விசை தானாக அழுந்துகிறது என்று பொருள். அது வன்பொருள் பழுது. விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் தீராது. இந்தச் சோதனையைச் செய்யாமல் விண்டோஸைப் போட்டுப் பணத்தையும், சேமிக்காத படங்களையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அழுத்துவது ஒன்று, வருவது வேறு

இந்த வகையில் அநேகமாக எதுவும் கெட்டிருக்காது. எழுத்துக்குப் பதில் எண் வந்தால் நம் லாக். தனி எண் பலகை இல்லாத லேப்டாப்புகளில் யு, ஐ, ஓ என்பவை 4, 5, 6 ஆகவும் ஜே, கே, எல் என்பவை 1, 2, 3 ஆகவும் எம் பூஜ்யமாகவும் மாறிவிடும். நம் லாக் விசையை, அல்லது அதோடு எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்தினால் சரியாகும்.

ஷிஃப்டோடு 2 அழுத்தினால் மின்னஞ்சல் முகவரியில் வரும் @ குறிக்குப் பதில் மேற்கோள் குறி வருகிறது, 3 அழுத்தினால் பவுண்டு குறி வருகிறது என்றால் விண்டோஸ் உங்கள் கீபோர்டைப் பிரிட்டன் கீபோர்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மொழி அமைப்புக்குள் போய் 'யூஎஸ்' கீபோர்டைச் சேர்த்து, மற்றதை நீக்குங்கள். ஆங்கிலம் அடித்தால் தமிழ் வருகிறது என்று பதறி வருகிறவர்களும் உண்டு. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து வைத்திருப்பார்கள். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும். தெரியாமல் கை பட்டாலும் மாறும், அதுதான் நடந்திருக்கும்.

விசையை வெகுநேரம் அழுத்தினால்தான் எழுத்து வருகிறதா? வலப்பக்க ஷிஃப்ட் விசையை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' வரும். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்'. நடுக்கம் உள்ள கைகளுக்கும், ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்கிறவர்களுக்கும் பெரிதும் உதவும் வசதிகள் இவை. யோசித்துக்கொண்டே ஷிஃப்டில் விரலை வைத்திருக்கிறவர்களுக்குக் கேட்காமலே வந்துவிடுகின்றன. செட்டிங்ஸில் 'அக்சசிபிலிட்டி' (விண்டோஸ் 10இல் 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ்') பகுதியில் கீபோர்டு என்பதைத் திறந்து இரண்டையும் அணைத்துவிடலாம்.

எஃப் வரிசை விசைகள் ஒலியைக் கூட்டுவது, வெளிச்சத்தைக் குறைப்பது என்று மட்டும் வேலை செய்தால் எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். டெல், லெனோவா லேப்டாப்புகள் பலவற்றில் இது போதும். ஹெச்பியில் பயாஸுக்குள் 'ஆக்‌ஷன் கீஸ் மோட்' என்பதை அணைக்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு விசை மட்டும்

இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது தூசியை. கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கிரானைட் அறுக்கும், மெருகேற்றும் பட்டறைகள் நிறைய. அங்கே கணக்கு எழுதும் லேப்டாப்பைத் திறந்தால் விசைகளின் அடியில் மாவு போன்ற சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கும். பட்டறையில் காற்று அழுத்தி இருக்கிறதே என்று அதன் குழாயை நேராகக் கீபோர்டில் பிடித்துவிட்டு வந்தார் ஒரு தம்பி. இரண்டு விசை மூடிகள் பறந்துபோயிருந்தன. மீதித் தூள் காற்றோடு வந்த ஈரத்திலும் எண்ணெயிலும் குழைந்து அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டறையின் காற்றும் பஞ்சர் கடையின் காற்றும் கீபோர்டுக்கு ஆகாது. லேப்டாப்பை அணைத்து, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மெல்லிய ஓவியத் தூரிகையால் விசை இடுக்குகளைத் துடையுங்கள். கையால் இயக்கும் சிறிய ரப்பர் ஊதியே போதும்.

துடைத்தும் சரியாகவில்லை என்றால் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். லேப்டாப் விசையின் அடியில் கத்தரிக்கோல் போலக் குறுக்கே மடங்கும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம் இருக்கும். அதன் நடுவில் கொட்டைப்பாக்கு அளவுகூட இல்லாத ஒரு ரப்பர் குமிழ். விசையை அழுத்தும்போது சட்டம் மடங்குகிறது, குமிழ் அமுங்குகிறது. விரலை எடுத்ததும் குமிழ் நிமிர்ந்து விசையை மேலே தள்ளுகிறது. மூடி இந்தச் சட்டத்தில் ஒரு பக்கம் கவ்வியும் மறுபக்கம் செருகியும் நிற்கும். எந்தப் பக்கம் கவ்வல் என்பது மாடலுக்கு மாடல் வேறு. ஆகவே அடிக்கடி தேவைப்படாத ஒரு விசையில், பழைய ஏடிஎம் கார்டின் முனையை நுழைத்து, ஒரு மூலையை மட்டும் மெல்ல நெம்பிப் பாருங்கள். எளிதாக எழும்பும் பக்கம்தான் கவ்வல் பக்கம். நகவெட்டியின் கூர்முனையைப் போட்டு நெம்பினால் சட்டத்தின் காது ஒடியும். அந்தக் காது ஊசிமுனை அளவுதான்; ஒடிந்தால் ஒட்ட முடியாது.

ஸ்பேஸ் பார், எண்டர், ஷிஃப்ட் ஆகிய நீள விசைகளில் இருபுறமும் கொக்கியில் மாட்டிய கம்பி ஒன்று இருக்கும். அதைக் கவனிக்காமல் இழுப்பதால்தான் ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் மட்டும் அமுங்கும் நிலை வருகிறது.

மூடியைக் கழற்றியபின் ரப்பர் குமிழை நேரடியாக விரல் நுனியால் அழுத்துங்கள். எழுத்து வந்தால் குற்றம் மூடியிலோ சட்டத்திலோ. அதைச் சுத்தம் செய்தாலோ, பழைய கீபோர்டிலிருந்து ஒன்றை மாட்டினாலோ போதும். குமிழை அழுத்தியும் வரவில்லை என்றால் அடியில் உள்ள படலத்தில் பழுது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் போட வேண்டாம். ஒரு சொட்டு சட்டத்தின் மூட்டில் இறங்கினால் அந்த விசை அதோடு அசையாது.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து விசைகள்

"அக்கம்பக்கத்து எழுத்தெல்லாம் வருகிறது, மூலைக்கு ஒன்றாக நான்கு மட்டும் வரவில்லை, இது என்ன விசித்திரம்?" என்று பர்கூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் கேட்டார். விசித்திரம் இல்லை. கீபோர்டின் உள்ளமைப்பைப் பார்த்தால் இப்படித்தான் ஆக முடியும்.

ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. அப்படி வைத்தால் நூறு கம்பிகள் வேண்டும். வயலில் பாத்தி கட்டுவதுபோல நெடுக்கும் குறுக்குமாகக் கம்பிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசை. எட்டுக் குறுக்குக் கம்பி, பதினாறு நெடுக்குக் கம்பி என்று வைத்தால் 24 கம்பிகளுக்குள் 128 விசைகள் அடங்கிவிடும். மதர்போர்டில் (சுருக்கமாக போர்டு) உள்ள ஒரு சிறு சில்லு ஒவ்வொரு கம்பியாக மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருக்கும்: இந்தச் சந்திப்பு மூடியிருக்கிறதா, அந்தச் சந்திப்பு மூடியிருக்கிறதா என்று. ஒரு கம்பி அறுந்தால் அதன் மேல் உள்ள எல்லா விசைகளும் ஒன்றாகப் போகும். கம்பி படலத்தில் வளைந்து நெளிந்து போவதால் அந்த விசைகள் மேலே பார்க்கும்போது பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

கம்பி என்று சொன்னாலும் அது மெல்லிய பாலியஸ்டர் தாளில் வெள்ளி மையால் அச்சிட்ட கோடு. மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், நடுவில் விசைக்கு விசை ஓட்டை போட்ட இன்னொரு தாள். அழுத்தும்போது ஓட்டை வழியாக மேல்கோடும் கீழ்க்கோடும் தொட்டுக்கொள்கின்றன. கோடுகள் எல்லாம் சேர்ந்து வால் போல நீண்டு ரிப்பனாகி போர்டில் செருகியிருக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, பழுது எப்போது தொடங்கியது என்பது. லேப்டாப் கீழே விழுந்த பிறகா, யாராவது ரேம் மாற்றவோ ஃபேன் துடைக்கவோ திறந்த பிறகா? அப்படியென்றால் ரிப்பன் சற்று நழுவியிருக்கலாம்; எடுத்து நேராகச் செருகினாலே சரியாகும். பர்கூர் ஆசிரியரின் லேப்டாப்பில் அதுதான். ரிப்பன் ஒரு பக்கம் முடி அளவு சாய்ந்து நின்றது. முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் ஒரு முறை துடைத்து, நேராக உள்ளே தள்ளிப் பூட்டைச் சாத்தினேன். நான்கு எழுத்தும் வந்துவிட்டன. பிளேடால் சுரண்டுவது, அழிப்பானால் அழுந்தத் தேய்ப்பது எல்லாம் ரிப்பன் முனையின் பூச்சை எடுத்துவிடும், செய்யாதீர்கள்.

எதுவும் விழவில்லை, யாரும் திறக்கவில்லை, ஆனால் என்றைக்கோ ஏதோ கொட்டியது என்றால் கோடு அரித்திருக்கிறது. வெள்ளி மை பேனாவால் கோட்டை இணைக்கலாம் என்று காணொளிகள் காட்டுகின்றன. முயன்றிருக்கிறேன். மூன்று தாள்களும் பல இடங்களில் ஒட்டியிருக்கும். பிரிக்கும்போதே பக்கத்துக் கோடுகள் உரிந்துவிடுகின்றன. கீபோர்டை மாற்றுவதே நல்லது என்று நான் ஒப்புக்கொள்ளும் முதல் அறிகுறி இதுதான்.

தானாகவே அடித்துக்கொண்டிருக்கிறது

நோட்பேடைத் திறந்து கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒரே எழுத்து வரிசையாக ஓடினால் அந்த விசை சிக்கியிருக்கிறது. மேலே சொன்னபடி மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். இரண்டு மூன்று எழுத்துகள் கலந்து வந்தால், அல்லது ஓர் எழுத்தை அழுத்தினால் இன்னொன்றும் கூடவே வந்தால், ஈரமோ சர்க்கரையோ இரண்டு கோடுகளுக்கு நடுவே பாலம் போட்டிருக்கிறது. எழுத்தே வராமல் எல்லாம் விநோதமாக நடந்தால் (ஒரு கோப்பைத் தொட்டால் பத்துக் கோப்புகள் தேர்வாவது போல) ஷிஃப்டோ கன்ட்ரோலோ மாட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ், கன்ட்ரோல், 'ஓ' மூன்றையும் அழுத்தினால் திரைக் கீபோர்டு வரும். மாட்டிய விசை அதில் நிறம் மாறித் தெரியும்.

தேர்வுக் கட்டணம் கட்ட இன்றே கடைசி நாள் என்பது போன்ற அவசரத்தில், மைக்ரோசாஃப்டின் 'பவர்டாய்ஸ்' என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கீபோர்டு மேனேஜரைக் கொண்டு அந்த ஒரு விசையை மட்டும் செயலிழக்கச் செய்யலாம். விண்டோஸுக்குள் நுழைந்த பிறகுதான் அது வேலை செய்யும். கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள் தானாக நிரம்புவதைத் தடுக்காது. முழுத் தீர்வு வேண்டுமானால் உள்கீபோர்டின் ரிப்பனையே கழற்றிவிட்டு யூஎஸ்பி கீபோர்டை வைத்துக்கொள்ளலாம். ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சில மாடல்களில் பவர் பட்டனும் அதே கீபோர்டில்தான் இருக்கிறது. ரிப்பனைக் கழற்றினால் லேப்டாப்பை உயிர்ப்பிக்கவே வழியிருக்காது.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் டச்பேடின் அம்புக்குறி துள்ளுகிறது, உலோக உடலைத் தொட்டால் மெல்லச் சுள்ளென்கிறது என்றால் கீபோர்டை விட்டுவிட்டு வீட்டு எர்த்தைப் பாருங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் இணைப்பில் செருகிப் பயன்படுத்தும் வீடுகளில் இது வழக்கம்.

டீ கொட்டிவிட்டது

இதில் மட்டும் நிமிடக் கணக்கு முக்கியம். கொட்டிய கணமே சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை விடாமல் அழுத்தி அணையுங்கள். திறந்திருக்கும் கோப்பு போகட்டும். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றுங்கள். பிறகு லேப்டாப்பை முழுதாக விரித்து, மாட்டுவண்டிக் கூண்டுபோலக் கவிழ்த்து, கீபோர்டு தரையைப் பார்க்கும்படி துணியின் மேல் நிறுத்துங்கள். திருப்பித் திருப்பி ஆட்டிப் பார்க்க வேண்டாம். அது திரவத்தை போர்டுக்குத்தான் அனுப்பும்.

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் ஓர் அக்கா. விடியற்காலை ஏலம், கையில் டீ, மேசையில் லேப்டாப், கவிழ்ந்துவிட்டது. துண்டால் துடைத்திருக்கிறார். அரிசி மூட்டையில் இரண்டு நாள் புதைத்து வைத்திருக்கிறார். எடுத்துப் போட்டதும் வேலை செய்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து ஒவ்வோர் எழுத்தாகப் போனதும் என்னிடம் வந்தார். "காய்ந்த பிறகு எப்படி தம்பி கெடும்?" என்றார்.

கீபோர்டைக் கழற்றி விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினேன். தாள்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு தீவு. கரையில் அடர்த்தியாக, நடுவில் வெளிறி. அதன் குறுக்கே போன வெள்ளிக் கோடுகள் தீவுக்கு வெளியே பளிச்சென்று இருந்தன, உள்ளே கருத்திருந்தன, ஓரிடத்தில் கோடே இல்லை. ஒட்டியிருக்கும் இரண்டு தாள்களுக்கு நடுவே இறங்கும் திரவம் தானாக வெளியே வராது. தண்ணீர் போனாலும் சர்க்கரையும் பாலும் தங்கும். அவை காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் பாயும்போது வெள்ளியை அரிக்கும். அரிசி இதில் எதையும் செய்யாது. அரிசித் தவிடு யூஎஸ்பி துளைகளுக்குள் போனதுதான் மிச்சம். மேசையில் வைத்திருந்தபோதே இரண்டு எறும்புகள் ஃபேன் துளை வழியாக வெளியே வந்தன. இனிப்பு எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே சர்க்கரை சேர்ந்த எது கொட்டினாலும், மாம்பழக் காலத்தில் மாங்கூழ் உட்பட, 'வேலை செய்கிறதே' என்று விட்டுவிடாதீர்கள். போர்டைத் திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் அன்றே கொடுங்கள். அவர் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பார். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர். கீபோர்டு போவது போகட்டும், போர்டு பிழைக்க வேண்டும். போர்டின் விலை கீபோர்டைப் போல் பல மடங்கு.

கழற்றிய கீபோர்டைக் குழாயில் கழுவிக் காயவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வெந்நீர்ப் பாத்திரத்தின் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தெரியும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இங்கு வந்தது. உப்பு கரைந்த தண்ணீர் தாள்களுக்கு நடுவே காய்ந்தால் டீ செய்ததைவிடக் கூடுதலாகச் செய்யும்.

கீபோர்டின் நடுவே மேடு தட்டியிருக்கிறது

இதைப் படிக்கிறவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஸ்பேஸ் பார் வரிசை எழும்பி நிற்கிறது, டச்பேட் அமுங்க மறுக்கிறது, மூடியைச் சாத்தினால் முழுதாகப் படியவில்லை, அடிப்பக்க விளிம்பு பிளவுபட்டிருக்கிறது என்றால் கீபோர்டு கெடவில்லை. அதன் அடியில் பேட்டரி வீங்கியிருக்கிறது. லித்தியம் அயன் செல் முதுமையிலும் வெப்பத்திலும் உள்ளே வாயுவை உண்டாக்கும். மூடிய பை ஊதும். மேட்டைக் கையால் அழுத்திச் சமப்படுத்த முயலாதீர்கள். துளை விழுந்தால் தீப்பிடிக்கும். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, துணி, காகிதம், படுக்கை இவற்றிலிருந்து தள்ளிவைத்து, பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். வீங்கிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. மின்கழிவு எடுப்பவரிடம் சேர்க்க வேண்டும். பேட்டரி மாறியதும் கீபோர்டு பெரும்பாலும் தன் இடத்தில் படிந்துவிடும்.

எந்த விசையும் வேலை செய்யவில்லை

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு போடுங்கள். விசைகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சில்லு சில சமயம் உறைந்துவிடும். இது அதை எழுப்பும். பயாஸில் வேலை செய்து விண்டோஸில் மட்டும் செய்யவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் கீபோர்டு பகுதியைத் திறந்து, அங்குள்ள 'ஸ்டாண்டர்டு பிஎஸ்2 கீபோர்டு' என்பதை நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானாகவே திரும்ப நிறுவிக்கொள்ளும். பயாஸிலும் இல்லை என்றால் ரிப்பன் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அடுத்தது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

முதலில் உங்கள் கீபோர்டு எந்த வகை என்று பாருங்கள். பழைய மாடல்களில் அடிப்பக்கத்தில் கீபோர்டு படம் போட்ட இரண்டு மூன்று ஸ்குரூக்களைக் கழற்றி, மேலே உள்ள கவ்வல்களை நெம்பினால் கீபோர்டு மேல்வழியாக எழும்பி வரும். கை நிதானம் உள்ள யாரும் வீட்டிலேயே செய்யலாம். புதிய மெல்லிய மாடல்களில் கீபோர்டு அடியிலிருந்து, கைவைக்கும் பலகையோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். ஸ்குரூ இருக்காது, பிளாஸ்டிக் முளைகளை உருக்கித் தட்டையாக்கியிருப்பார்கள். பேட்டரி, போர்டு, ஃபேன் எல்லாவற்றையும் எடுத்த பிறகே அதைத் தொட முடியும். முளைத் தலைகளைச் சீவி, புதியதை வைத்து, மீண்டும் பற்றவைக்கும் கருவியால் உருக்கிப் பொருத்தலாம்; ஆனால் போதிய முளைகளை உருக்காவிட்டால் தட்டச்சு செய்யும்போது கீபோர்டு தொட்டில்போல அமுங்கி எழும். பலகையோடு சேர்ந்த பாகத்தை வியாபாரத்தில் சி பேனல் என்பார்கள். கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்பது என் கருத்து. விலை கூடுதல்தான், வேலை நிலைக்கும். லேப்டாப் மிகவும் பழையது, அதுவும் வீட்டு மேசையை விட்டு நகராதது என்றால் ஒரு யூஎஸ்பி கீபோர்டு வாங்கி வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஒரு கீபோர்டுக்காகப் புது லேப்டாப் வாங்குவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

பாகம் வாங்கும்போது லேப்டாப் பெயரைச் சொன்னால் போதாது. ஒரே பெயரில் நான்கு வகைக் கீபோர்டுகள் வந்திருக்கும். பழையதன் பின்புறம் ஒட்டியிருக்கும் பாக எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்டர் விசை படுத்த செவ்வகமா, இரண்டு வரிசை உயரத்துக்கு வளைந்து நிற்கிறதா, அடியில் விளக்கு உண்டா, உண்டென்றால் அதற்கு இன்னொரு சிறு ரிப்பன் இருக்கும், சட்டகம் சேர்ந்ததா, பவர் பட்டன் அதிலேயே இருக்கிறதா, ரிப்பன் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது, எவ்வளவு அகலம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு சுமார் 90 கிலோமீட்டர். தர்மபுரிக்காரர்களுக்குச் சேலம் அருகில். நேரில் போனால் பழைய கீபோர்டையே கையில் எடுத்துப் போங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கியதில் எனக்கு ஒருமுறைகூடப் பாகம் மாறியதில்லை.

வேலையைத் தொடங்கும் முன் லேப்டாப்பை அணைத்து, திறந்தவுடன் முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பை எடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்குரூவையும் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். நீள ஸ்குரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அது மறுபக்கம் பலகையைக் குத்திக்கொண்டு வரும். எல்லா ஸ்குரூவும் எடுத்தும் மூடி வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். ரப்பர் பாதங்களின் அடியிலோ டிவிடி டிரைவ் துளைக்குள்ளோ ஒன்று ஒளிந்திருக்கும்.

கீபோர்டு எழும்பியதும் வெடுக்கென்று தூக்கிவிடாதீர்கள். ரிப்பன் விரல் நீளம்தான் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் பூட்டு இரண்டு வகை: கதவுபோல மேலே தூக்கித் திறப்பது, இழுப்பறைபோல வெளியே ஒரு மில்லிமீட்டர் இழுப்பது. நகத்தால் மெல்லத் தொட்டுப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். பூட்டைத் திறக்காமல் ரிப்பனை இழுப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய சேதம். பூட்டு ஒடிந்தால் போர்டிலேயே கை வைக்க வேண்டும். புதிய ரிப்பனைச் செருகும்போது அதன் முனையில் உள்ள கோடு பூட்டுக்கு இணையாக, இருபுறமும் ஒரே அளவு உள்ளே போயிருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பிறகு பூட்டைச் சாத்துங்கள். சரியாகச் செருகிய ரிப்பன் மெல்ல இழுத்தால் வராது.

எல்லாவற்றையும் முறுக்கி மூடிவிட்டுச் சோதிக்க வேண்டாம். மேலே பொருத்தும் வகை என்றால் கீபோர்டை அதன் இடத்தில் சும்மா படுக்கவைத்து, பேட்டரியை இணைத்து, நோட்பேடில் ஒவ்வொரு விசையாக, இடது ஷிஃப்ட் வலது ஷிஃப்ட் உட்பட, அழுத்திப் பாருங்கள். ஒன்று வரவில்லை என்றாலும் அணைத்து, பேட்டரியை எடுத்து, ரிப்பனை மறுபடி செருகுங்கள். அதன் பிறகே ஸ்குரூ.

கழற்றிய பழைய கீபோர்டை எறிய வேண்டாம். படலம்தான் போயிருக்கும், மூடிகளும் வெள்ளைச் சட்டங்களும் குமிழ்களும் நன்றாகவே இருக்கும். நான் மாடல் எழுதி ஒட்டிய பிஸ்கட் டப்பாக்களில் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். போன வாரம் போச்சம்பள்ளியிலிருந்து ஒரு சிறுவன் 'அ' வரும் விசை ஒடிந்துபோன லேப்டாப்போடு வந்தான். டப்பாவில் அதே மாடல் மூடி ஒன்று இருந்தது. மாட்டிக் கொடுத்தேன், அங்கேயே நின்று தன் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்துவிட்டுப் போனான்.